சம்பளத்தோடு வந்த அறை

பலெர்மோவின் வரைபடத்தில் போர்கோ வெக்கியோவைத் தேடிக் கண்டுபிடித்தால், வீட்டுவேலை செய்பவர்கள் ஏன் அங்கே அறை தேடினார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். 16ஆம் நூற்றாண்டில் நகர மதிலுக்கு வெளியே எழுந்த குடியிருப்பு அது. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் உச்சார்தோனே சிறைச்சாலை. மறுபக்கம் சில நிமிட நடையில் பொலித்தெயாமா அரங்கு. அதைத் தாண்டினால் லிபெர்த்தா வீதி. அந்த வீதியை ஒட்டியிருந்த பழைய மாளிகைகள் பலவற்றை 1950களிலும் 60களிலும் இடித்துத் தள்ளிவிட்டு மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். 'பலெர்மோவின் சூறை' என்று இத்தாலியர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி எழுந்த வசதியான வீடுகள் பலவற்றில் குசினிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, உள்முற்றத்தைப் பார்த்த ஒரு யன்னல். வேலை செய்யும் பெண்ணுக்கான அறை. முன்பு சிசிலியின் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் படுத்த அந்தக் கட்டிலில் 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தவர்களும் படுத்தார்கள்.

குசினி, அலுமாரி, யன்னல் மூன்றும் போர்த்துக்கேயர் நம் வீடுகளில் விட்டுப்போன சொற்கள். இத்தாலியர் 'குச்சீனா' என்றபோது யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது அவ்வளவு அந்நியமாகப் பட்டிருக்காது. சொல் பழகியது என்பதற்காக அறை சொந்தமாகிவிடுமா என்ன?

அந்த அறை யாருடையது என்ற கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப்பார்க்க விரும்புகிறேன். துணையோடு வேற்று நாட்டில் குடியேறுகிறவர்களுக்கு வேலையும் வீடும் இரு தனித் தேவைகள். இரண்டையும் ஒரே கை தரும்போது மூன்றாவதாக ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது. அதற்கு நாம் நன்றிக்கடன் என்று பெயர் வைத்திருக்கிறோம். நிறவெறியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், குறைந்த கூலியைப் பற்றியும் பேசியிருக்கிறோம். நன்றிக்கடனைப் பற்றிப் பேச மட்டும் கூச்சப்படுகிறோம். பேசினால் நன்றிகெட்டவர் ஆகிவிடுவோம் என்ற பயம்.

இந்தக் கடனுக்குச் சட்டமும் ஒரு கை கொடுத்தது. 1983க்குப் பிறகு இத்தாலிக்கு ஓடிவந்த தமிழர் அங்கே அகதி ஆவதற்குப் பொதுவாக வழியே இருக்கவில்லை. அகதிகளுக்கான ஜெனீவா உடன்படிக்கையை இத்தாலி ஐரோப்பாவுக்கு மட்டும் என்று மட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1990இல் மார்த்தெல்லி சட்டம் வந்த பிறகே அந்த எல்லை நீங்கியது. ஆகவே குண்டுக்குத் தப்பி வந்தவருக்குக் கைக்கெட்டிய தாள், வேலைக்காரர் என்ற தாள்தான். 1986இலும் 1990இலும் பிறகு வந்த பொதுமன்னிப்புகளிலும் பதிவுசெய்துகொண்டவர்கள் அப்படித்தான் நிமிர்ந்தார்கள். ஒருவர் உயிரோடு அந்த நாட்டில் இருப்பதற்கான காரணம் இன்னொருவரின் குசினியில் எழுதப்பட்டிருந்தது.

2002இல் வந்த பொஸ்ஸி-ஃபீனி சட்டம் முடிச்சை இன்னும் இறுக்கியது. வதிவு ஒப்பந்தம் என்ற ஒரு புதிய தாளை அது கொண்டுவந்தது. வேலை கொடுப்பவர் அதில் இரண்டு உறுதிகள் தரவேண்டும். தொழிலாளிக்குத் தகுந்த இருப்பிடம் உண்டு என்பது ஒன்று. அவர் நாடு திரும்ப நேர்ந்தால் பயணச் செலவை நான் ஏற்பேன் என்பது மற்றது. நல்லெண்ணத்தில் எழுதியதாகவே இதை வாசிக்கலாம். ஆனாலும் வேலை, கூரை, திரும்பிப் போகும் ரிக்கற் மூன்றும் ஒரே ஆளின் கையெழுத்துக்குக் கீழே வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு நல்லெண்ணம் முதலில் நினைவுக்கு வருவதில்லை.

நான் அறிந்த ஒரு அக்கா லிபெர்த்தா வீதிக்கு அருகே ஒரே வீட்டில் 19 வருடங்கள் 'ஃபிஸ்ஸோ'வாக இருந்தார். வீட்டோடு தங்கிச் செய்யும் வேலைக்கு அங்கே அதுதான் பெயர். நிலையானது என்று பொருள். கணவர் போர்கோ வெக்கியோவில் வேறு மூன்று ஆண்களோடு ஓர் அறையில் இருந்து, மணித்தியாலக் கணக்கில் வீடுகள் துடைத்தார். அக்காவின் சிஞ்ஞோரா நல்ல மனுசி. அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் போய் இரவு முழுக்க இருந்தவர். சம்பளம் பல வருடங்களாக ஒரே இடத்தில் நின்றது. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன்.

"தம்பி, அவ எனக்குத் தாய் மாதிரி. தாயிட்டப் போய்ச் சம்பளம் கூட்டித் தாங்கோ எண்டு கேக்கேலுமோ?"

சிஞ்ஞோரா இறந்தார். பிள்ளைகள் வீட்டை விற்க முடிவு செய்தார்கள். அவர்களும் கெட்டவர்கள் அல்ல. கணக்குப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, தாயின் குளிர்கால மேலங்கி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுவேலைக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, முழுநேரம் வேலை செய்பவருக்கு 5 வருடம் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் முன்னறிவிப்புப் போதும். 19 வருடம் தூங்கிய அறைக்கு 30 நாள். இதே அறையை அவர் வாடகைக்கு எடுத்திருந்தால்? 1998ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் வழக்கமான ஒப்பந்தம் 4 வருடம், பிறகு இன்னொரு 4 வருடம். வெளியேற்ற நினைக்கும் உரிமையாளர் அந்தத் தவணை முடிய 6 மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கட்டிலும் அலுமாரியும் யன்னலும் மாறவில்லை. அறையின் பெயர் மட்டும்தான் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கூட்டு ஒப்பந்தம் உணவுக்கும் உறைவிடத்துக்கும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு பெறுமதி வைத்திருக்கிறது. 13ஆம் மாதச் சம்பளத்திலும் பணி முடிவுத் தொகையிலும் அந்தப் பெறுமதி கணக்கில் சேர்கிறது. அதாவது அந்த அறை சம்பளத்தின் ஒரு பகுதி. இத்தாலியச் சட்டத்துக்கே அது தெரியும். தெரியாமல் இருந்தது சிஞ்ஞோராவுக்கும் அக்காவுக்கும்தான். ஒருவர் கொடுத்ததாக நினைத்தார், ஒருவர் பெற்றதாக நினைத்தார்.

மெய்யியலாளர் கான்ற் 1797இல் வெளியிட்ட நூலொன்றில் நன்றியைப் பற்றிக் கடினமான ஒரு விடயம் சொல்கிறார். பெற்ற உதவியை எவ்வளவு திருப்பிக் கொடுத்தாலும் கடன் முற்றாகத் தீராது. ஏனென்றால் முதலில் கொடுத்தவர் என்ற இடம் உதவியவருக்கே நிலைத்துவிடுகிறது. முதன்முதல் வாசித்தபோது இது புலம்பெயர்ந்தவர்களுக்கென்றே எழுதியதுபோல எனக்குப் பட்டது. பிறகுதான் கொஞ்சம் தலைகீழாக யோசித்தேன். வேலை உறவில் முதலில் கொடுப்பவர் யார்? மாதம் முழுக்க உழைத்த பிறகுதான் சம்பளம். முப்பது நாள் உழைப்பைக் கடனாகக் கொடுப்பவர் வேலைக்காரர். வாடகை உறவில்? திறப்பு கைக்கு வருமுன்பே மூன்று மாதம் வரை முற்பணம் கட்டுபவர் குடியிருப்பவர். கான்ற்றின் அளவுகோலையே எடுத்தாலும் முந்திக்கொண்டவர் அக்காதான்.

இதனால் அக்காவின் கண்ணீர் பொய் என்று ஆகிவிடாது. ஆஸ்பத்திரியில் கண்விழித்த இரவு கொடை. அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் பெறுமதி இல்லை, நன்றி அதற்கு உரியது. அறையும் சம்பளமும் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தபோது அக்காவுக்குக் கூலி குறைந்தது என்பது வெளியே தெரிகிற நட்டம். சிஞ்ஞோராவின் அந்த ஓர் இரவுகூட, வருடக்கணக்காகக் கூட்டாமல் விட்ட சம்பளத்துக்கு ஈடுபோலத் தோன்ற ஆரம்பித்தது இன்னொரு நட்டம். உண்மையான அன்பு ஒன்று கழிவுவிலைக்குப் போய்விட்டது.

தம்பதிகளுக்கு வருகிறேன். வீட்டோடு தங்கும் வேலைக்கு வாரம் 54 மணித்தியாலம் வரை. ஓய்வு 36 மணித்தியாலம்: ஞாயிறு முழுநாள், வேறொரு நாளில் அரைநாள். கணவனும் மனைவியும் இரண்டு வீடுகளில் ஃபிஸ்ஸோவாக இருந்தால், ஊரில் ஒரு கூரைக்கும் வழியில்லாமல் நின்றவர்களுக்கு இப்போது இரண்டு கூரை. ஒன்றாக இருக்க ஒன்றும் இல்லை. பலெர்மோத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும், ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவிடம் போவதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மதங்கள் கலப்பதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. வாடகை கேட்காத, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாத ஓர் இடத்தில் அரைநாள் சேர்ந்து இருக்கலாம் என்பதும் அந்த மலையேற்றத்தில் கொஞ்சம் இருந்திருக்கும். ரொசாலியாவும் பிரபுக் குடும்பத்து வீட்டை விட்டு வந்து குகையில் இருந்தவள்தான்.

மணித்தியால வேலைக்கு மாறினால் சேர்ந்து வாழலாம். ஆனால் அங்கேதான் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது. வாடகை ஒப்பந்தம் கேட்டால் சம்பளத் துண்டைக் காட்டச் சொல்வார்கள். சம்பளத் துண்டு வேண்டுமென்றால் பதிவுசெய்த வேலை வேண்டும். பதிவுசெய்யாமல் 'கறுப்பில்' வேலை தருபவர்களும், அதேபோல் கறுப்பில் அறை தருபவர்களும் மலிவு. போர்கோ வெக்கியோவின் தெருமட்ட ஓரறை வீடுகளில், கதவைத் திறந்தால்தான் வெளிச்சம் வரும் என்கிற வீடுகளில், பலர் தொடங்கியது இப்படித்தான். சந்தை காலடியில், வேலை நடைத்தூரத்தில், பஸ் காசு மிச்சம். ஆனால் கறுப்பில் எடுத்த அறைக்கு நகரசபையில் வதிவுப் பதிவு எடுப்பது பெரும்பாடு. வதிவுப் பதிவு இல்லாதவருக்குக் குடும்ப வைத்தியரிலிருந்து எல்லாமே இழுபறி.

துணை இன்னும் ஊரில் இருந்தால் சட்டம் அளவுநாடாவோடு வருகிறது. கணவனையோ மனைவியையோ அழைக்க விரும்பும் வெளிநாட்டவர் வருமானம் காட்ட வேண்டும்: அரசின் சமூக உதவித்தொகையின் ஒரு வருடக் கணக்கும், அழைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அதில் பாதியும். பிறகு வீட்டின் தகுதிச் சான்றிதழ். 1975ஆம் ஆண்டு ஆணையின்படி ஆளுக்கு 14 சதுர மீற்றர். ஓரறை வீடென்றால் இருவருக்கு 38. 2024இல் வந்த சட்டமொன்று அந்த 38ஐச் சில நிபந்தனைகளோடு 28 ஆகக் குறைத்திருக்கிறது. நெரிசலில் யாரும் வாழக்கூடாது என்பது சரியான அக்கறை. ஆனால் இத்தாலியர் ஒருவர் திருமணம் செய்து மனைவியைக் கூட்டிவரும்போது யாரும் அறையை அளக்க வருவதில்லை.

முதலில் காசு, பிறகு வீடு, கடைசியில் மனைவி என்பது இந்தச் சட்டத்தின் வரிசை. நம் மொழியின் வரிசையும் அவ்வளவு வேறல்ல என்பதுதான் சங்கடம். மனை என்ற சொல்லிலிருந்து மனைவி. இல் என்ற சொல்லிலிருந்து இல்லாள், இல்லறம். வீடே இல்லாதபோது இல்லறத்தை எங்கே நடத்துவது? தமிழ்நாட்டிலோ கணவனையும் வாடகைக்கு விட்டவரையும் ஒரே சொல்லால் வீட்டுக்காரர் என்கிறார்கள். யாழ்ப்பாணம் இதைத் தன் பாணியில் தீர்த்துவைத்திருந்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் சீதனம் பெண்ணுக்கு உரிய சொத்து. வீடும் காணியும் பெரும்பாலும் அவள் பெயரில் எழுதப்படும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். சீதனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அது அழித்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனாலும் சீதன வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், போர்கோ வெக்கியோவில் கணவன் மூன்று பேரோடு பகிர்ந்த அறைக்கு வந்து சேரும்போது இழப்பது வசதியை மட்டுமல்ல. உறுதியில் தன் பெயர் இருந்த ஒரு தரையையும்.

அவளுக்கு அந்த அறையில் ஒரு மூலையைத் திரை போட்டுத் தந்தவர்கள் யார்? நம்மவர்கள்தான். இங்கேதான் பேச்சு கடினமாகிறது. சிஞ்ஞோராவைப் பற்றிப் பேசுவது இலகு.

பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. விருந்தினர் என்றால் முன்பின் அறியாத புதியவர். திருக்குறள் விருந்தோம்பலையும் செய்ந்நன்றியறிதலையும் இல்லறவியலில்தான் வைத்திருக்கிறது. வீடு உள்ளவர் வீடில்லாதவருக்குச் செய்ய வேண்டியது என்ன, அதை மற்றவர் எப்படி நினைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நாம் மனப்பாடம் செய்த விடயம். இத்தாலியில் வெளிநாட்டவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்குப் பயந்து நடுங்கியும் இடம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் சோறும் போட்டு, தன் வேலை வீட்டிலேயே சொல்லி வேலையும் எடுத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கட்டிலுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி, ஓர் அறையின் முழு வாடகையையும் நான்கு பேரிடம் அறவிட்டுத் தாம் சும்மா இருந்தவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது வேலை வீட்டை அடுத்தவருக்குக் காசுக்குக் கைமாற்றிக் கொடுத்தவர்கள், வதிவுப் பதிவுக்காக விலாசத்தை விற்றவர்கள். நம் எல்லோருக்கும் ஒருவரையாவது தெரியும்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். நானும் வந்த புதிதில் காசு கொடுத்துத்தான் படுத்தேன் என்பார் ஒருவர். ஒப்பந்தம் என் பெயரில், நீர் இரவோடு இரவாகச் சுவிசுக்குப் போய்விட்டால் கட்டுவது யார் என்பார் இன்னொருவர். இரண்டாவது சரியான பேச்சு. ஆபத்தை ஏற்பவர் அதற்கு விலை கேட்பதில் பிழையில்லை. முதலாவது நியாயமில்லை. ஆனால் அதன் வலி எனக்கு விளங்குகிறது. முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்தவர் யாரும் இருக்கவில்லை, அந்தக் கணக்கை யாரிடமாவது தீர்க்கத்தானே வேண்டும்!

வாடகை வாங்குவதில் எனக்குக் குறை இல்லை. வாடகையும் வாங்கி நன்றியும் வாங்குவதில்தான் குறை. "நான் கூப்பிட்டுவிட்டவன்," "என்ர அறையில இருந்து வளர்ந்தவள்" என்று இருபது வருடம் கழித்தும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பவர் தனக்கு அப்போது எவ்வளவு காசு வந்தது என்பதைச் சொல்வதில்லை. பெற்றவரும் சொல்ல முடியாது. சொன்னால் நன்றிகெட்டவர். சிஞ்ஞோராவுக்கும் அக்காவுக்கும் நடந்ததுதான் இதுவும், மொழி மட்டும் தமிழ். இங்கே 30 நாள் முன்னறிவிப்புகூட இல்லை.

இதன் விலையை அடுத்த தலைமுறையும் கட்டியது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தாலியில் பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளை, 18 வயது வரை சட்டப்படி தொடர்ந்து வதிந்திருந்தால், அடுத்த ஒரு வருடத்துக்குள் குடியுரிமை கேட்கலாம். அந்தத் 'தொடர்ந்து' என்ற சொல்லுக்குச் சாட்சி நகரசபைப் பதிவேட்டில் உள்ள விலாசம். பெற்றோர் கறுப்பில் இருந்த அறைக்கு விலாசம் ஏது? இரண்டு வீட்டுக்கு இடையில் விழுந்த சில மாத இடைவெளி, பதினெட்டு வயதுப் பெடியனை மேசைக்கு முன்னால் நிறுத்தியது. பெற்றோரின் தவறைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது என்று சட்டம் இளகியது 2013இல்தான். 2015இல் 'பலெர்மோ சாசனம்' வெளியிட்டு வதிவிட அனுமதியையே ஒழிக்கச் சொன்ன நகரம் அது என்பதையும் சொல்ல வேண்டும். நகரபிதா ஒர்லாந்தோவின் அந்தச் சாசனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சாசனத்தைக் காட்டி வாடகை ஒப்பந்தம் எழுத முடியாது.

அந்தப் பெடியன்களில் ஒருவன் இப்போது போர்கோ வெக்கியோவில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறான். தாயின் ஊரிலிருந்து வந்த ஒருவர், நாற்பதை நெருங்குபவர், ஓர் அறையில் இருக்கிறார். மனைவி பருத்தித்துறையில். முதல் மாதக் காசை அவர் நீட்டியபோது இவன் எண்ணிப் பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தம்பி, எங்களுக்குள்ள துண்டு எதுக்கு? உங்கட அம்மாவும் நானும் ஒரே ஒழுங்கை. நீங்கள் செய்த உதவியை நான் மறக்கவே போறன்?"

"மறக்கலாம் அண்ணை," என்றானாம். அடுத்த வாரம் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டு உரிமையாளரிடம் போனான். ஒப்பந்தத்தில் அவருடைய பெயரையும் சேர்க்க உரிமையாளர் மாதம் 20 யூரோ கூடக் கேட்டார். இருவரும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டார்கள். வரித் திணைக்களத்தில் பதிவு முடிந்து முத்திரை விழுந்த பிரதி அண்ணையிடம் இருக்கிறது. தகுதிச் சான்றிதழுக்கு நகரசபையில் விண்ணப்பித்திருக்கிறார். அறையை அளந்து பார்த்தாயிற்று. அலுமாரியை மற்றப் பக்கச் சுவருக்கு நகர்த்த வேண்டும், மனைவி வந்தால் யன்னல் பக்கம் அவளுக்கு வேண்டும் என்று இவனிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் ஏன் அண்ணை கேட்கிறீர்கள் என்று இவனுக்குச் சிரிப்பு.